ஹெட்லைட்டை எங்கே நின்று பார்ப்பது

சில ஆண்டுகளுக்கு முன் பழைய கார் ஒன்றை வாங்கினேன். அந்தக் காரில் என்னைக் கவர்ந்தவற்றுள் அதன் ஹெட்லைட்டும் ஒன்று. முந்தைய உரிமையாளர் விளக்கின் கண்ணாடிமேல் புகைநிற ஃபிலிம் ஒட்டி, மேல்விளிம்பில் புருவம் போல ஒரு கறுப்புப் பட்டை வைத்து, உள்ளே வளைய விளக்குகளைப் பொருத்தி, நீல ஒளி தரும் பல்புகளையும் போட்டிருந்தார். பகலில் பார்க்க மிடுக்காக இருந்தது. வாங்கிய இரண்டாவது வாரம், மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவில், தெருவிளக்கு இல்லாத சாலையில் சென்றுகொண்டிருந்தபோது, கறுப்பு உடை அணிந்த ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாக நடந்துகொண்டிருந்தார். நான் அவரைக் கண்டு பிரேக்கை மிதித்து, கார் நின்றபோது, அவருக்கும் காருக்கும் நடுவே ஒரு காரின் நீளம்கூட மிச்சமில்லை. அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடையைத் தொடர்ந்தார். நான் வண்டியை ஓரங்கட்டி, விளக்கை அணைக்காமல் இறங்கி, முன்னால் போய் நின்று பார்த்தேன். விளக்கு நன்றாகத்தான் எரிந்தது, கண்ணே கூசியது. ஆனால் திரும்பிச் சாலையைப் பார்த்தபோது, ஈரத்தாரின் மேல் விழுந்திருந்த ஒளி பத்துப் பதினைந்து மீட்டருக்கு அப்பால் கரைந்து போயிருந்தது.

அன்றிலிருந்து ஹெட்லைட் பற்றி நான் படித்ததும் என் கையால் செய்து பார்த்ததும் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன. நாம் ஹெட்லைட்டை எதிரே நின்று பார்த்து மதிப்பிடுகிறோம். அது வேலை செய்வதோ நம் முதுகுப்புறத்தில், சாலையின் மேல். எதிரே நிற்பவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதும் ஓட்டுபவருக்குச் சாலை தெரிவதும் இரு வேறு குணங்கள். முன்னதைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் அலங்காரப் பொருள்களில் பெரும்பாலானவை பின்னதிலிருந்துதான் எதையாவது எடுத்துக்கொள்கின்றன.

மறுநாள் மாலை ஒரு சோதனை செய்தேன். காரைச் சமதரையில் ஒரு வெள்ளைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, ஒருபக்க விளக்கிலிருந்து மட்டும் ஃபிலிமை உரித்தேன்; மறுபக்கத்தை அப்படியே விட்டேன். புகைப்படம் எடுக்கும் நண்பரிடமிருந்து ஒளியளவி ஒன்றை இரவல் வாங்கியிருந்தேன். ஃபிலிம் ஒட்டிய பக்கம் சுவரில் விழுந்த ஒளி, உரித்த பக்கத்து ஒளியில் பாதிக்கும் குறைவு. அத்தகைய ஃபிலிமை விற்பவர்கள், 'பகலில்தான் கறுப்பாகத் தெரியும், இரவில் ஒளி வெளியே வந்துவிடும்' என்று சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது நம்பும்படி இருக்கிறது. பகலில் வெயில் அந்த ஃபிலிமை ஊடுருவி உள்ளே போய், பிரதிபலித்து, மறுபடியும் அதே ஃபிலிம் வழியாக நம் கண்ணுக்கு வருகிறது. ஆகையால் பாதி ஒளியை விடும் ஃபிலிம் கால்பங்கு ஒளியை விடுவதுபோல் இருண்டு தோன்றும். இரவில் பல்பின் ஒளி ஒருமுறைதான் அதைக் கடக்கிறது. ஆனாலும் அந்த ஒருமுறையிலேயே பாதி போய்விடுகிறது.

பாதி போனால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டால்தான் உறைக்கும். ஒளி தரும் இடத்திலிருந்து தூரம் இருமடங்கானால் அங்கே விழும் ஒளியின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும். அதன்படி, முழு ஒளி 60 மீட்டரில் எவ்வளவு விழுந்ததோ அவ்வளவு ஒளி, பாதியாக்கப்பட்ட விளக்கிலிருந்து 42 மீட்டரிலேயே கிடைக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 22 மீட்டரைக் கடக்கிறது. ஓட்டுநர் கண்டு, புரிந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி எடுத்துக்கொண்டால் 33 மீட்டர் அதிலேயே போய்விடும். காய்ந்த சாலையில் நல்ல பிரேக்குடன் நிற்க மேலும் 35 மீட்டர் வேண்டும். இரண்டையும் கூட்டினால் 68 மீட்டர். ஒழுங்கான லோபீம்கூட, அதாவது எதிரே வருபவரின் கண் கூசாதபடி தாழ்த்திய ஒளிகூட, கறுப்பு உடை அணிந்தவரைக் காட்டித் தருவது ஏறத்தாழ 50, 60 மீட்டர் தூரத்தில்தான். எந்தக் குறையும் இல்லாத விளக்குக்கே போதாத அந்த இடைவெளியில் நான் மேலும் ஒரு பாதியை ஃபிலிமுக்குக் கொடுத்திருந்தேன்.

ஃபிலிமை முழுவதும் உரித்த பிறகும் ஒளி எனக்கு நிறைவளிக்கவில்லை. அடுத்து நீலப் பல்பைக் கழற்றினேன். ஹாலஜன் பல்பின் டங்ஸ்டன் இழை ஏறக்குறைய 3200 கெல்வின் நிறவெப்பத்தில், இளமஞ்சள் கலந்த வெண்ணிறத்தில் எரிகிறது. அந்த ஒளியில் நீலத்தின் பங்கே குறைவு. அதை நீலமாகக் காட்ட ஒரே வழி, கண்ணாடிக் குழலின் மேல் நீலப்பூச்சு பூசி, மிகுதியாக உள்ள மஞ்சளையும் சிவப்பையும் தடுத்து நிறுத்துவதுதான். பூச்சு எதையும் சேர்ப்பதில்லை. கழிக்க மட்டுமே செய்கிறது. கழிந்ததை ஈடுகட்ட இழையை இன்னும் சூடாக எரிய விடுவார்கள்; அதனால் பல்பின் ஆயுள் குறையும். மேலும், ஒரே அளவு ஒளியாக இருந்தாலும் நீலம் தோய்ந்த ஒளி எதிரே வருபவரின் கண்ணை அதிகம் உறுத்தும். பெட்டியின் மேல் 'சூப்பர் ஒயிட்' என்றும் 6000, 8000 கெல்வின் என்றும் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பிரகாசத்தின் அளவென்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கெல்வின் நிறத்தைச் சொல்லும் அளவு. எவ்வளவு ஒளி என்பதை லுமென்தான் சொல்லும்.

மஞ்சளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிரான்சில் 1930களின் பிற்பகுதி முதல் 1993 வரை கார்களின் ஹெட்லைட் மஞ்சளாகவே இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. மஞ்சள் ஒளி மூடுபனியைத் துளைத்துச் செல்லும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பலமடங்கு பெரியவை. ஆகவே அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கின்றன. மூடுபனி விளக்கு உதவுவது அதன் நிறத்தால் அன்று. அது தாழ்வாகப் பொருத்தப்பட்டு, அகலமாக, மேலெழாத ஒளியைத் தரையை ஒட்டி வீசுகிறது. உதவுவது அந்த அமைப்புதான்.

ஹெட்லைட்டை வெறும் விளக்காக நினைப்பதை நான் விட்டது, எச்4 பல்பு ஒன்றைக் கையில் வைத்து நிதானமாகப் பார்த்த நாளில்தான். 1971 இல் அறிமுகமான இந்தப் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. தொலைவுவரை நேராக வீசும் ஹைபீமுக்கு 60 வாட், லோபீமுக்கு 55 வாட். லோபீம் இழைக்கு அடியில் மட்டும் சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அந்தக் கிண்ணம் கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை மறைத்துவிடுவதால், பல்பைச் சுற்றியுள்ள குழிந்த ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டுமே ஒளியைப் பெற்றுச் சாலையை நோக்கித் தாழ்த்தி அனுப்புகிறது. கிண்ணத்தின் விளிம்புதான் சுவரில் ஒளிக்கும் இருளுக்கும் இடையே நாம் காணும் கூர்மையான வெட்டுக்கோடு. அந்த விளிம்பின் ஒருபுறம் 15 பாகை சாய்க்கப்பட்டிருப்பதால், எதிரே வருபவரின் பக்கம் தாழ்ந்திருக்கும் கோடு சாலையோரத்தின் பக்கம் மேலேறி, நடப்பவர்களையும் பலகைகளையும் காட்டுகிறது. விரல் நுனியளவே உள்ள ஒரு தகட்டில் இத்தனை யோசனை அடங்கியிருக்கிறது என்பது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. இழை தன் இடத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகினாலும் சாலையில் அந்த ஒளிவடிவம் குலைந்துவிடும்.

இதைப் புரிந்துகொண்டால், ஹாலஜனுக்கென்று செய்த டூமுக்குள், அதாவது ரிஃப்ளெக்டரும் மூடியும் சேர்ந்த விளக்குக் கூட்டுக்குள், எல்இடி பல்பைச் செருகுவதில் உள்ள சிக்கலும் விளங்கும். ஹாலஜன் இழை ஒரு மெல்லிய கம்பிச்சுருள். சுற்றிலும் எல்லாத் திசையிலும் ஒளி விடும். எல்இடி பல்பில் தட்டையான இரு முகங்களில் சில்லுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. நடுவே உள்ள உலோகத் தண்டின் தடிமன் காரணமாக அவை இழை இருக்க வேண்டிய அச்சிலிருந்து விலகியே இருக்கும். விளைவாக ஒளி அதிகம் இருந்தும் தவறான இடத்தில் விழுகிறது. காரின் மூக்குக்கு முன்னால் பத்து மீட்டர் வரை தரை வெள்ளைவெளேர் என்று ஒளிரும். எதிரே வருபவரின் கண்ணில் ஒரு பங்கு பாயும். 60 மீட்டருக்கு அப்பால் சாலை பழையதைவிட இருண்டுவிடும். அருகில் தரை மிகப் பளிச்சென்று இருந்தால் கண்ணின் பாவை சுருங்கி, தொலைவில் உள்ள மங்கலான பொருள் இன்னும் மங்கலாகும். ஓட்டுபவருக்கோ ஒளி கூடிவிட்டதாகவே மனநிறைவு. இந்த மனநிறைவைத்தான் நான் ஆபத்தானதாகக் கருதுகிறேன், ஏனென்றால் அதை நம்பி வேகத்தையும் கூட்டுகிறோம்.

எல்இடி என்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2007 இல் லெக்சஸ் நிறுவனம் லோபீமுக்கு எல்இடி பயன்படுத்திய காரை வெளியிட்டதிலிருந்து, எல்இடிக்கென்றே கணக்கிட்டுச் செய்த ஹெட்லைட்டுகள் ஹாலஜனை வெகுதூரம் விஞ்சிவிட்டன. பழைய டூமுக்குள் பொருத்தும் எல்இடி பல்புகளில்கூட, ஜெர்மனியில் 2020 முதல் சிலவற்றுக்கு அனுமதி உண்டு. ஆனால் எந்தப் பல்பு எந்த வாகன மாதிரியில் சோதிக்கப்பட்டதோ அந்த மாதிரிக்கு மட்டுமே அந்த அனுமதி செல்லும். பல்பும் ரிஃப்ளெக்டரும் ஒரே கருவியின் இரு பாகங்கள் என்பதை அந்த நிபந்தனை ஏற்றுக்கொள்கிறது. 1991 இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் காரில் வந்த, இழை இல்லாமல் வாயுவில் ஒளிரும் செனான் விளக்குக்கும் இதே கதைதான். 35 வாட்டில் 3200 லுமென் தரும் அந்த விளக்குக்கு ஐரோப்பிய விதிகள் தானாக உயரத்தைச் சரிசெய்யும் அமைப்பையும் கண்ணாடியைக் கழுவும் அமைப்பையும் கட்டாயமாக்கின. அவை எதுவும் இல்லாமல் செனான் கிட்டை மட்டும் வாங்கி ஹாலஜன் டூமில் மாட்டுவது எதிரே வருபவருக்குச் செய்யும் தீங்கு என்றே நான் நினைக்கிறேன்.

என் காரின் விளக்குக்குத் திரும்புகிறேன். நிறமில்லாத, தரச்சான்று பெற்ற சாதாரண எச்4 பல்பைப் போட்ட பிறகும் ஒளி சோர்ந்தே இருந்தது. மல்டிமீட்டரை எடுத்து, என்ஜின் ஓடும்போது பேட்டரியில் அளந்தேன். 14 வோல்ட்டுக்குச் சற்று மேல். பல்பின் சாக்கெட்டில் அளந்தபோது 12 தான். இடையில் இருந்த இரண்டு வோல்ட், வயதான வயரிங்கிலும் துருப்பிடித்த எர்த் இணைப்பிலும் சூடாக வீணாகிக்கொண்டிருந்தது. இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 ஆம் அடுக்குப்படி மாறும். பல்பின் லுமென் அளவு 13.2 வோல்ட்டில் குறிக்கப்படுவது. 12 வோல்ட்டில் அதில் கால்பங்குக்கும் மேல் போய்விடும். எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ரிலே என்ற மின்சுவிட்ச் வைத்துத் தடித்த வயரில் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுத்ததும், அதே பல்பு வேறு பல்பு போல எரிந்தது. பெட்டியில் வைத்து விற்கப்படும் எந்த ஹெட்லைட் பொருளாலும் எனக்கு இவ்வளவு பலன் கிடைத்ததில்லை. இதைச் செய்யாமல் 100 வாட் பல்பைப் போடுபவர்கள், மெலிந்த வயரை இன்னும் சூடாக்கி, சாக்கெட்டை உருக்கி, ரிஃப்ளெக்டரின் மெல்லிய அலுமினியப் படலத்தையும் கருக்கிக்கொள்கிறார்கள். அந்தப் படலத்தைத் துணியால் துடைத்தாலே போய்விடும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உள்ளே தூசி தெரிந்தால் விரலை விடாமல் இருப்பதே நல்லது.

கண்ணாடி என்று பேச்சில் சொன்னாலும் இன்று பெரும்பாலான ஹெட்லைட்டின் மேல்மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக்தான். அமெரிக்காவில் 1940 முதல் இழையும் ரிஃப்ளெக்டரும் மூடியும் ஒன்றாக அடைக்கப்பட்ட, முழுதும் கண்ணாடியாலான சீல்டு பீம் விளக்குதான் கட்டாயமாக இருந்தது. 1983 இல் விதி தளர்ந்த பிறகே மாற்றக்கூடிய பல்பும் பிளாஸ்டிக் மூடியும் அங்கே வந்தன. பாலிகார்பனேட் கல்லடிக்கு உடையாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதை மஞ்சளாக்கும். அதைத் தடுக்கத் தொழிற்சாலையிலேயே ஒரு கடினப் பூச்சு பூசுவார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பூச்சு தேய்ந்து, வெடித்து, மூடி பால்போல் மங்குகிறது. அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ 2018 இல் வெளியிட்ட சோதனையில், அப்படி மங்கிய விளக்குகள் புதியவற்றின் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே தந்தன.

இதற்குப் பற்பசை தேய்க்கச் சொல்லும் அறிவுரை எங்கும் உலவுகிறது. பற்பசையும் ஒரு மெல்லிய தேய்பொருள்தான். தேய்த்த அன்று பளபளப்பாகும். ஆனால் மிச்சமிருந்த காப்புப் பூச்சையும் அதுவே எடுத்துவிடுவதால், சில மாதங்களில் மூடி முன்னைவிட வேகமாக மஞ்சளாகும். நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளில் 800 இல் தொடங்கி 3000 வரை படிப்படியாகச் சென்று, பஃபிங் செய்து, உடனே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடித்தால்தான் அந்த வேலை முடிந்ததாகும். நான் அதற்கு ஒரு முழுநாள் செலவிட்டேன். பூச்சு மிகவும் சிதைந்திருந்தால் தயாரிப்பாளரின் அசல் டூமையே மாற்றுவது நல்லது. உருவத்தில் மட்டும் ஒத்திருக்கும் மாற்று டூம்களில் ரிஃப்ளெக்டரின் வளைவு ஒத்திருக்கும் என்று உறுதி இல்லை. மூடியின் மேல் வட்டத்துக்குள் ஈ என்ற ஐரோப்பிய எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருந்தால், அந்த விளக்கு சோதிக்கப்பட்டு அனுமதி பெற்ற மாதிரி என்று பொருள்; எண் அனுமதித்த நாட்டைக் குறிக்கும். 1 என்றால் ஜெர்மனி, 2 என்றால் பிரான்ஸ், 3 என்றால் இத்தாலி. போலிகளும் அந்தக் குறியைப் பொறிக்கின்றன என்பதால் சுவரில் விழும் வெட்டுக்கோட்டையும் பார்த்துவிடுவது நல்லது.

மற்ற அலங்காரங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. புருவப் பட்டை, ரிஃப்ளெக்டரின் மேல்பகுதியிலிருந்து வரும் ஒளியை, அதாவது லோபீமுக்கு முதன்மையான ஒளியை, மறைக்கிறது. கம்பிவலை தரையில் நிழற்கோடுகளை இடுகிறது. முன்னால் மாட்டும் அக்ரிலிக் மூடி கீறல் விழுந்து, அழுக்கைத் தேக்கி, இரண்டாவது ஒரு மங்கலை உண்டாக்குகிறது. வளைய விளக்கு மட்டும் சற்று வேறு. 2000 ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்ட பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் காரில் அது முதலில் வந்தபோது, விளக்கின் வடிவமைப்போடு சேர்ந்தே வந்தது, ஒளியைத் தடுக்கவில்லை. அதைப் பின்னால் பொருத்த வேண்டுமென்றால் டூமைச் சூடாக்கிப் பிசினை இளக்கித் திறக்க வேண்டியிருக்கிறது, திரும்ப ஒட்டும்போது முன்பிருந்த இறுக்கம் வருவதில்லை. என் காரில் அப்படித்தான் ஈரம் புகுந்து, ஒருபக்க ரிஃப்ளெக்டரின் அடியில் படலம் உரியத் தொடங்கியிருந்தது. அந்த டூமை மாற்றுவதைத் தவிர எனக்கு வழியில்லை.

பிறகு உயரம். இது எந்தச் செலவும் இல்லாத வேலை, அநேகமாக யாரும் செய்யாத வேலை. சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிச் சமதரையில் நிறுத்தினால், லோபீமின் வெட்டுக்கோடு விளக்கின் நடுவுயரத்தைவிட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழ வேண்டும். சரியான அளவைப் பல கார்களில் டூமின் அருகிலேயே குறித்திருப்பார்கள். தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கு அந்தச் சரிவில் 65 மீட்டரில் தரையைத் தொடும். 10 சென்டிமீட்டருக்குப் பதில் 20 தாழ்ந்தால் 32 மீட்டரிலேயே முடிந்துவிடும். தாழாமல் நேராக நின்றால் எதிரே வருபவரின் முகத்துக்குப் போகும். பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து டிக்கியும் நிறைந்தால் மூக்கு மேலே எழும். டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட அந்தச் சிறு சக்கரம் அதற்காகத்தான் இருக்கிறது.

தொழிற்சாலையிலிருந்து வரும் விளக்கு எல்லாம் நல்லது என்ற எண்ணமும் எனக்கு இல்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனமான ஐஐஎச்எஸ், 2016 இல் முதன்முறையாக ஹெட்லைட்டுகளுக்கு மதிப்பெண் இட்டபோது, சோதித்த 31 நடுத்தரக் கார்களில் ஒன்றே ஒன்றுதான் 'நல்லது' என்ற தரத்தைப் பெற்றது. விலைமிகுந்த கார்களும் தேறவில்லை. அதே நிறுவனம் பின்னர் விபத்துகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், நல்ல தரம் பெற்ற விளக்குள்ள வாகனங்களுக்கு, இரவில் வேறு வாகனம் மோதாமல் நேரும் விபத்துகள் மோசமான தரமுள்ளவற்றைவிட 19 சதவீதம் குறைவாக இருந்தன.

சென்ற மாதம் அண்ணன் மகன் தன் புதிய பைக்குடன் வந்திருந்தான். ஹெட்லைட்டுக்குப் புகைநிற ஃபிலிமும், உள்ளே சிவப்பாக ஒளிரும் 'டெமன் ஐ' விளக்கும் வாங்கிப் பையில் வைத்திருந்தான். வாகனத்தின் முன்புறம் சிவப்பு விளக்கு எரிவது பெரும்பாலான நாடுகளில் விதிமீறல், ஏனென்றால் சிவப்பைக் கண்டால் அது வாகனத்தின் பின்புறம் என்று எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள் என்று சொன்னேன். அதை அவன் உடனே ஏற்றுக்கொண்டான். ஃபிலிமை விட மனம் வரவில்லை. இருட்டிய பிறகு அதே வெள்ளைச் சுவருக்கு எதிரே பைக்கை நிறுத்தி, ஒட்டாத ஃபிலிமை விளக்கின் முன் பிடித்தும் எடுத்தும் காட்டினேன். ஐந்தாறு முறை அவனே பிடித்துப் பார்த்தான். பிறகு எதிர்த்திசையில் முப்பது அடி தள்ளிப் போய் நின்று, 'சித்தப்பா, லோபீமே கண்ணில் அடிக்கிறது, இது ஏன்?' என்று கேட்டான். ஃபிலிமைப் பையில் வைத்துவிட்டு, உயரத்தைச் சரிசெய்யும் திருகைத் தேடினோம். டூமுக்குக் கீழே, வயர்களுக்குப் பின்னால் இருந்தது. ஒளிக்கோடு ஒரு சாண் மேலே நின்றிருந்தது.